தட்டுச் சீப்பு

எனக்கு டி.பி. இருக்கிறதென்று செல்வம்மாள் ஊரெல்லாம் சொல்லி வைத்தாள். அதற்கு நான்கு நாள் முன்னால், நிச்சயதார்த்தத்தன்று, என் தலையில் கனகாம்பரத்தைச் சூட்டிக் கன்னத்தைக் கிள்ளி "எங்க வூட்டுக்கு வரப்போற மகாலச்சுமி" என்று சொன்னதும் அதே வாய்தான். அவள் மகன் ரஞ்சித்துக்குத்தான் என்னைப் பேசி முடித்திருந்தார்கள். அவர்கள் பக்கத்துக் குப்பம். எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் அவர்கள் படகு கட்டுகிற இடம் தெரியும்.

எனக்கு இருமல் உண்டு, அதை நான் மறைக்கவில்லை. மீஞ்சூரில் எப்சிபா அக்காவின் பேக்கரியில் நான்கு வருஷமாக வேலை செய்கிறேன். தினமும் மைதா மூட்டையைப் பிரித்துச் சலிப்பது நான்தான். அந்தத் தூள் தொண்டையில் படிந்தால் யாராக இருந்தாலும் இருமத்தான் செய்வார்கள். நிச்சயதார்த்தத்தில் சாம்பிராணிப் புகைக்கு நான் இருமியபோது முதுகைத் தடவிவிட்டதே செல்வம்மாள்தான். தடவிய கையோடு மனதில் குறித்து வைத்துக்கொண்டாள் போலிருக்கிறது.

உண்மைக் காரணம் எனக்கு முன்பே தெரியும். நிச்சயம் ஞாயிற்றுக்கிழமை நடந்தது. புதன்கிழமை பேக்கரியில் போனை எடுத்தேன். காட்டூர் ரோட்டில் ஐஸ் பாக்டரி வைத்திருக்கிறவர் வீட்டிலிருந்து பேசினார்கள். தை மாசம் நிச்சயதார்த்தமாம், மூன்று கிலோ கேக் வேண்டுமாம், ரோஜாப் பூ போட வேண்டுமாம். "பேர் இன்னா எழுதணும்?" என்று கேட்டேன். "ரஞ்சித், வெண்ணிலா" என்றார்கள். எந்த ரஞ்சித் என்று நான் கேட்கவில்லை. அவர்களே பெருமையாக, மாப்பிள்ளைக்கு எந்தக் குப்பம், எத்தனை படகு என்றெல்லாம் சொல்லிவிட்டார்கள். நான் சீட்டில் எழுதிக்கொண்டேன். எழுத்து கோணாமல் எழுதினேன்.

மறுநாளே செல்வம்மாள் வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது. பெண்ணுக்கு நோய் இருப்பதை மறைத்துவிட்டோமாம், தாம்பூலம் முறிந்ததாம், ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டத்துக்கு வந்து தட்டைத் திருப்பித் தர வேண்டுமாம்.

இங்கே எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். தாம்பூலம் மாற்றும்போது பையன் வீட்டார் கொண்டுவருகிற பழங்களில் ஒரு சீப்பை மட்டும் யாரும் தொடமாட்டோம். பையனின் அம்மா அதில் மஞ்சள் கயிறு கட்டித் தருவாள். அதற்குத் தட்டுச் சீப்பு என்று பேர். ஒன்பது நாள் அது பெண் வீட்டில் சாமி படத்துக்குக் கீழே இருக்கும். ஒன்பதாம் நாள் பெண் வீட்டார் அதை உரித்துத் தின்றால் சம்பந்தம் உறுதி. நடுவில் முறிந்தால் சீப்பை மஞ்சள் துணியால் மூடி, கூட்டத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும். பையன் வீட்டார் அதைத் தின்னாமல் முகத்துவாரத்தில் விட்டுவிட வேண்டும். விடாமல் தின்றுவிட்டால், கொடுத்த வாக்கை அவர்களே திரும்ப எடுத்துக்கொண்டார்கள் என்று அர்த்தம். எந்தப் பக்கம் முறித்தது என்று கூட்டம் சொல்கிறதோ, அந்த வீட்டில் ஒரு வருஷத்துக்கு யாரும் தட்டு எடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது.

குற்றம் எங்கள் பக்கம் என்று ஆகிவிட்டால் ஒரு வருஷத்தோடு போகாது. டி.பி. என்ற பேர் ஒட்டிக்கொண்டால் எந்தக் குப்பத்திலிருந்தும் எனக்குத் தட்டு வராது. என் தங்கை சந்தியாவுக்கும் வராது. அந்தப் பேரை ஞாயிற்றுக்கிழமைக்குள் நான் துடைத்தாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சளி கொடுத்து, நெஞ்சுப் படமும் எடுத்துக்கொண்டு வந்தேன். ஒன்றுமில்லை என்று சீட்டு தந்தார்கள். அதை எடுத்துக்கொண்டு நைனா, என் அப்பா, ஊர்த் தலைவர் வீட்டுக்குப் போனார். அங்கே செல்வம்மாள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாளாம். "சீட்டுல எழுதிட்டா சரியாப்பூடுமா? நான் என் காதால கேட்டேன் அந்த இருமலை" என்றாளாம். நைனா சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தார். என் நைனா தாமோதரன் கடலில் எந்தக் காற்றுக்கும் பயப்படாத ஆள். ஊர் வாய்க்கு மட்டும் பயப்படுவார்.

"உட்ரு அமுதா. சீப்பைக் குடுத்துட்டு வந்துடலாம். மானம் போனது போவட்டும்" என்றார்.

"போனது என் மானம் நைனா. அதைப் போவட்டும்னு நீ எப்டி சொல்வே?" என்றேன்.

சனிக்கிழமை வேலை முடிந்து, அனுப்பம்பட்டு தாண்டும்வரை ரயிலில் நின்றுகொண்டே வந்தேன். பொன்னேரியில் இறங்கி பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தால், கதவைத் திறந்ததும் பழ வாசனை மூக்கில் அடித்தது. தட்டுச் சீப்பு பழுத்துக் கறுத்துப்போயிருந்தது. பதினாறு பூவம்பழம். தோலெல்லாம் கறுப்பு, அமுக்கினால் உள்ளே விரல் போகும். வேறு யாராவது பார்த்தால் அழுகிவிட்டது என்பார்கள். பேக்கரியில் வேலை செய்கிறவளுக்குத்தான் தெரியும், காப்ளருக்கு இதைவிட நல்ல பழம் கிடைக்காது.

காப்ளர் என்பது எப்சிபா அக்கா கிறிஸ்துமஸ் சமயத்தில் போடுகிற பழக் கேக். அவர் அன்னாசியில் செய்வார். விற்காமல் கனிந்துபோன வாழைப்பழத்தில் செய்து பார்த்தவள் நான். அதில் ஒரு வேடிக்கை உண்டு. மாவை முதலில் ஊற்றிப் பழத்தை மேலே போட வேண்டும். வேகும்போது பழம் அடியில் இறங்கிவிடும், மாவு மேலே எழும்பி மூடிக்கொள்ளும். பார்க்கிறவர்களுக்கு உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாது.

சாமி படத்துக்கு முன்னால் நின்று அந்தச் சீப்பைப் பார்த்தேன். பழி வாங்க வேண்டும் என்று எனக்கு வெறியாக இருந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. சாமியிடமும் அதைத்தான் கேட்டேன்.

ஞாயிறு காலை, நைனா குளிக்கப் போன நேரத்தில், சீப்பைக் கூடைக்குள் வைத்துக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் பின்பக்கமாகப் போனேன். தலைவர் தருமலிங்கத்தின் மனைவி காந்தா பெரியம்மா. கூட்டத்துக்கு வருகிற இரண்டு வீட்டாருக்கும் முதலில் டீயும் வாய்க்கு ஏதாவதும் கொடுப்பது அவர்கள் வீட்டு வேலை. பசியோடு பேசினால் வார்த்தை தடிக்கும் என்று அப்படி ஒரு ஏற்பாடு.

பெரியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேக் சீட்டைப் பற்றியும் சொன்னேன். அதைக் கூட்டத்தில் காட்டினால் எப்சிபா அக்கா கடைப் பேர் கெடும், வேறு ரஞ்சித் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள் என்பதையும் சொன்னேன்.

"செல்வம்மா துன்னலைனா இன்னா பண்ணுவே? தட்டுச் சீப்பைத் தொட்டவன்னு உன்மேலயே குத்தம் வரும்" என்றார் பெரியம்மா.

"வரட்டும்."

"அவளுக்குச் சுகர் வேற கீது."

"இனிப்பைப் பாத்தா அவங்களுக்கு அது ஞாபகத்துல இருக்காது பெரிம்மா. நிச்சயத்தன்னிக்கு எங்க வூட்ல ஆறு லட்டு."

பெரியம்மாவின் பெரிய மகளுக்கும் இப்படி ஒரு தாம்பூலம் முறிந்தது ஊருக்கே தெரியும். அவர் எழுந்துபோய் பெரிய அலுமினியத் தேக்சாவை எடுத்து வந்து வைத்தார். "வெறகு காஞ்சது போதுமா, கரி வேணுமா?" என்று கேட்டார்.

கத்தி முனையால் ஒவ்வொரு பழத்தின் உள்பக்கமாக ஒரு கோடு கிழித்து, கரண்டியால் பழத்தை மட்டும் வழித்து எடுத்தேன். தோல் சீப்போடு அப்படியே நின்றது. செல்வம்மாள் கட்டிய மஞ்சள் கயிறும் அவிழவில்லை. பதினாறையும் இப்படி எடுக்க அரை மணி நேரம் ஆயிற்று. பேக்கரியில் ஒருநாளும் நான் இவ்வளவு நிதானமாக வேலை செய்ததில்லை.

பழத்தில் நாட்டுச் சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, தட்டிய ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. மைதாவை மூன்று தடவை சலித்தேன், இருமினேன். அதில் பேக்கிங் பவுடரும் சர்க்கரையும் பாலும் விட்டுக் கரைத்தேன். தேக்சாவில் வெண்ணெயை உருக்கி, மாவை ஊற்றி, மேலே பழத்தைப் பரப்பினேன். கலக்கவில்லை. இதில் கலக்கினால் கெட்டது. அடியில் மணல் பரப்பிய பெரிய அண்டாவுக்குள் தேக்சாவை இறக்கி மூடி, மூடிமேல் கங்குகளை அள்ளிப் போட்டேன். பிரியாணிக்குத் தம் போடுகிற மாதிரிதான்.

முக்கால் மணி நேரத்தில் வாசனை தெருவுக்குப் போய்விட்டது. மூடியைத் திறந்தால், மேலே பொன்னிறமாக எழும்பி, ஓரங்களில் பாகு கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு பழத் துண்டுகூட வெளியே தெரியவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக எனக்குக் காப்ளர் வந்ததில்லை. கோபத்தில் செய்தால் எல்லாம் கெட்டுப்போகும் என்று எப்சிபா அக்கா சொல்வார். அது எனக்குப் பொருந்தாது.

கூட்டம் மீன் ஏலக் கூடத்தில். சிமெண்டுத் தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள், ஆனாலும் இறால் நாற்றம் போகவில்லை. ஒரு பக்கம் நானும் நைனாவும் சந்தியாவும். எதிர்ப்பக்கம் பட்டுப் புடவையில் செல்வம்மாள், பக்கத்தில் ரஞ்சித், பின்னால் அவர்கள் உறவுக்காரர்கள். சுற்றி ஊர். மஞ்சள் துணியால் மூடிய தட்டை நானே சுமந்துபோய் நடுவில் வைத்தேன். நைனா தூக்க வந்தார், நான் விடவில்லை. தூக்கியிருந்தால் கனமில்லாதது தெரிந்திருக்கும்.

காந்தா பெரியம்மா டீயோடு வந்தார். பின்னாலேயே எவர்சில்வர் தட்டுகளில் எங்களுக்கு முறுக்கும் அவர்களுக்குக் காப்ளரும் வந்தன. செல்வம்மாள் தட்டைப் பார்த்தாள், மூக்கை உறிஞ்சினாள், பிறகு தள்ளினாள்.

"வேணா காந்தா. சுகரு முந்நூறுல நிக்குது. டாக்டரு திட்றாரு."

தட்டில் பழமில்லை. இவள் தின்னாவிட்டால் நான் ஒழிந்தேன்.

"அதுக்கின்னா, வேணாம்னா வெச்சிரு" என்றார் பெரியம்மா. "உனுக்குச் சேத்து உங்கூட்டு ஆளுங்க துன்னட்டும்."

அவள் மற்றவர்கள் தின்பதைப் பார்த்தாள். ரஞ்சித் ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு, மெல்லுவதை நிறுத்திவிட்டான். ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்தான். பிறகு குனிந்துகொண்டு தின்றான். செல்வம்மாள் கை மெதுவாகத் தட்டுக்குப் போயிற்று. ஒரு ஓரத்தைப் பிய்த்தாள். அடுத்தது கொஞ்சம் பெரிய விள்ளல். அதற்கப்புறம் தட்டைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"சோக்கா கீதே! நீ செஞ்சதா காந்தா?"

"எங்கூட்டு அடுப்புல வெந்தது."

"இன்னும் ஒரு துண்டு போடு. பாகு கீற பக்கமா போடு."

இரண்டாவது தட்டையும் விரலால் வழித்து நக்கினாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு வயிறு நிறைந்தது.

தலைவர் தொண்டையைச் செருமிப் பேசச் சொன்னார். செல்வம்மாள் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அண்ணே, ஊரு முன்னால சொல்றேன். இந்தப் பொண்ணுக்கு டி.பி. நோவு. அதை மறைச்சி எங்க தலையில கட்டப் பாத்தாங்க. தாம்பூலத்தை முறிச்சது அவங்கதான், நாங்க இல்ல. சத்தியமா சொல்றேன், இவ கையால ஒரு டம்ளர் தண்ணிகூட எங்கூட்ல யாரும் வாங்கிக் குடிக்க மாட்டோம்!"

"சரி. சீப்பைத் திருப்பிக் குடுங்க. மத்ததைப் பேசிக்கலாம்" என்றார் தலைவர்.

நான் எழுந்துபோய்த் துணியை எடுத்தேன்.

மஞ்சள் கயிறு கட்டிய சீப்பில் பதினாறு கறுப்புத் தோல் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நைனா "அமுதா!" என்றார்.

"பழம் எங்க?" என்றார் தலைவர்.

"இவங்க வயித்துல தலைவரே. காப்ளர் நான்தான் செஞ்சேன், தட்டுச் சீப்புலதான் செஞ்சேன். இவங்க ரெண்டு வாட்டி வாங்கித் துன்னாங்க. பாகு கீற பக்கமா கேட்டுத் துன்னாங்க."

செல்வம்மாள் தலையில் அடித்துக்கொண்டு கத்தினாள். "அய்யய்யோ, தட்டுப் பழத்தை எங்களையே துன்ன வெச்சிட்டாளே! பாவி, இனிமே தையில நான் எப்டி தட்டு எடுப்பேன்! அந்த வூட்ல இன்னா சொல்வேன்!"

கூடத்தில் ஒரே சத்தம். தலைவர் எழுந்து நின்று கையைத் தூக்கினார். அவர் முகம் என் பக்கம்தான் கடுகடுத்திருந்தது.

"தெரியாம துன்னது துன்னதா ஆவாது. தட்டுச் சீப்பைத் தொட்டது உங்குத்தம் அமுதா. இதுக்கு ஊரு இன்னா சொல்லும்னு தெரியுமில்ல?"

நைனா தலையைக் குனிந்துகொண்டார். சந்தியா என் புடவையைப் பிடித்தாள். ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்காமல் நான் உட்கார மாட்டேன்.

"எங்குத்தம்னே வெச்சிக்கோங்க தலைவரே. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். எனுக்கு டி.பி.னாங்க. எங்கையால தண்ணிகூட வாங்க மாட்டோம்னாங்க. சொல்லி அஞ்சு நிமிசம் ஆவல. அதுக்கு முன்னாடியே நான் செஞ்சதை ரெண்டு தட்டு துன்னுருக்காங்க. அது தெரிஞ்சதும் இவங்க இன்னான்னு அலறினாங்க? நோவுக்காரி கையால துன்னுட்டேனேன்னு அலறினாங்களா, தட்டுப் பழத்தைத் துன்னுட்டேனேன்னு அலறினாங்களா?"

அப்போதுதான் செல்வம்மாளுக்கு டி.பி. ஞாபகம் வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓங்கரித்தாள். காறித் துப்பினாள். பின்வரிசையில் வலை பின்னுகிற பால்ராஜ், "ஜல்தி துப்பு! ஜல்தி! நோவு ஒட்டிக்கப்போவுது!" என்றார். ஊரே சிரித்தது. இறால் கூடை சுமக்கிற பெண்கள் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். அவள் ஓங்கரிப்பதை நிறுத்திவிட்டாள்.

தலைவர் சிரிக்கவில்லை. "தையில தட்டு எடுக்கணும்னியே செல்வம்மா. எந்த வூட்டுக்கு?"

அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"இந்தப் பொண்ணு தாம்பூலம் முறியறதுக்கு முன்னாடியே வேற எடம் பேசிட்டியா?"

அவள் மகனைத் திரும்பிப் பார்த்தாள். தலைவரும் ரஞ்சித்தைப் பார்த்தார். "நீ சொல்லுப்பா." அவன் தன் காலி டீக் கிளாசைப் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் இருந்த அவன் சித்தப்பாதான் கடைசியில் தாங்க முடியாமல், "ஐஸ் பாக்டரி வூட்ல பேசினது உண்மைதாங்க" என்றார்.

தீர்ப்பு சொல்ல அதிக நேரம் ஆகவில்லை. பெண்ணுக்கு நோய் இல்லை, ஆஸ்பத்திரிச் சீட்டைக் கூட்டம் ஏற்றுக்கொள்கிறது. தாம்பூலத்தை முறித்தது பையன் வீடு. அடுத்த தை அல்ல, அதற்கடுத்த தைவரை அவர்கள் எந்த வீட்டுக்கும் தட்டு எடுக்கக் கூடாது. தட்டுச் சீப்பைத் தொட்டதற்கு நான் ஊர் முன்னால் விழுந்து கும்பிட வேண்டும் என்றார் தலைவர். விழுந்து கும்பிட்டேன். சந்தோஷமாகக் கும்பிட்டேன்.

கூட்டம் கலைந்தது. நைனா என் பக்கத்தில் வந்து நின்றார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"எனக்கு ஒரு துண்டு எடுத்து வெச்சிருக்கியா?" என்றார்.

"உனுக்குத் தனியா செஞ்சித் தரேன் நைனா. இது அவங்க வூட்டுப் பழம்."

தட்டை எடுக்க நான் கூடத்துக்குள் திரும்பிப் போனபோது ரஞ்சித் மட்டும் நின்றுகொண்டிருந்தான். அவன் அம்மாவை உறவுக்காரர்கள் முன்னாலேயே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். போன வருஷம் ஒருநாள் அவன் பேக்கரிக்கு வந்தபோது இதே காப்ளரைத்தான் இலையில் வைத்துக் கொடுத்தேன். நின்ற இடத்திலேயே மூன்று துண்டு தின்றான். மறுவாரம்தான் எங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பினான்.

"மொத வாயிலயே எனுக்குத் தெரிஞ்சிபோச்சி அமுதா" என்றான். "உன் கைதான்னு தெரிஞ்சிபோச்சி. இருந்தும் அம்மாகிட்ட நான் சொல்லல. உனுக்கோசரம்தான் சொல்லல."

இதற்கு நான் உருகிவிடுவேன் என்று நினைத்தான் போலிருக்கிறது. ஒரு நிமிஷம் மனசு இளகியதும் உண்மைதான். அவன் குரல் எனக்குப் பிடிக்கும். ஆனால் எனக்கு டி.பி. இல்லை என்பதும் அவனுக்குத் தெரியும். அதையும் அவன் யாரிடமும் சொல்லவில்லை. பெத்த அம்மா பொய் சொன்னபோதும் வாயைத் திறக்கவில்லை, மாட்டிக்கொண்டபோதும் திறக்கவில்லை. தின்பதற்கு மட்டும் திறந்தான்.

மஞ்சள் கயிற்றோடு பதினாறு தோலையும் தூக்கி அவன் இரண்டு கையிலும் வைத்தேன். பாகு பிசுபிசுவென்று அவன் சட்டையில் ஒட்டியது.

"முகத்துவாரத்துல வுட்டுட்டுப் போ" என்றேன். "அத்தினியும் மூழ்கற வரைக்கும் நின்னு பாத்துட்டுப் போ."